வராத சனிக்கிழமைகளுக்குப் போட்ட கையெழுத்து

அந்த ஆள் செத்துப்போன செய்தி வந்தபோது நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். செய்தி சொன்னவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் "அப்படியா" என்றேன். மீதி நெத்திலியையும் ஆய்ந்து முடித்தேன், குழம்பு வைத்தேன், இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். செத்தவனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் பிள்ளை செத்தபோது அவன் நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொண்டு அப்புறம் வந்து கேட்கட்டும்.

ராயபுரத்துக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில், துறைமுகத் தொழிலாளிகளுக்கென்று முனிசிபாலிடி கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். எந்த முனிசிபாலிடி என்று எழுத மாட்டேன். அந்தப் பேர் இதில் வந்து பெருமைப்பட வேண்டாம். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு பன்னிரண்டு வீடு. நடுவில் திறந்த சாக்கடை. ஒரு கோடியில் ஆறு கக்கூஸ், மறு கோடியில் ஒரு குழாய், அதன் பக்கத்தில் குப்பைக்காகக் கல்லால் கட்டிய தொட்டி. குழாயில் தண்ணீர் வேகமாக வராது என்பதால் இரண்டு படி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, குழாயைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். சாக்கடை நிரம்பினால் முதலில் அந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்கும். இது லைனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கட்டிக்கொடுத்தவர்களுக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினார். நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். லைனில் இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். பேரை எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, அதன் வாலை மேல்நோக்கிச் சுழித்துவிடுவேன். அந்தச் சுழிப்புக்காகவே நான் சாகவேண்டும்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்று ஒருவன் இருந்தான். வெள்ளை பேண்ட், தலையில் தொப்பி, கேரியரில் சிவப்புத் துணி ஒட்டிய நோட்டு வைத்த சைக்கிள். குப்பை வண்டி வந்ததா, சாக்கடை வாரினார்களா, கக்கூஸ் கழுவினார்களா என்று வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை காலையில், லைனில் குடியிருக்கும் ஒருவர் அந்த நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் கவுன்சிலர்கள். ஜனங்களே மேற்பார்வை பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்களாம். ஒவ்வொரு பக்கத்திலும் வாரத்தின் தேதியை இன்ஸ்பெக்டர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பான். அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை அச்சடித்திருக்கும். திருப்தி என்று அர்த்தம். அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். திருப்தி இல்லை என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே கிடையாது.

முதல் வாரமே நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றான். லைனில் படித்தவர் நீங்கள் ஒருவர்தானாமே என்றான். எனக்கு வாயெல்லாம் பல். அந்த வார்த்தையைப் படிக்கத் தெரியாமல் போட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை. நன்றாகவே படித்தேன். வண்டி அப்போது வாரத்தில் நான்கு நாள் வந்துகொண்டிருந்தது, சாக்கடையையும் ஏதோ வாரினார்கள். பாதி உண்மைதானே என்று போட்டேன். எதிர் வீட்டில் ஒரு மீன்காரி இருந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து விற்பவள். அவள் வாசலிலிருந்து நான் கையெழுத்துப் போடுவதை எட்டிப் பார்ப்பாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே வாலை இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சுழிப்பேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு எண்ணூரில் இருந்த என் தாய் வீட்டுக்குக் கிளம்பும் வாரம். எட்டு மாதம் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்து, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டான். பத்து வாரம் ஆகும் என்றேன். தலையைச் சொறிந்தான். அப்புறம் நோட்டை விரித்து, பத்து பக்கத்தையும் இப்போதே போட்டுவிட்டுப் போய்விடுங்களேன், இன்னொருத்தரைத் தேடி நான் எங்கே அலைவேன் என்றான். அவ்வளவு பெரிய உத்தியோகஸ்தன் என்னை நம்பி இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வாசற்படியில் உட்கார்ந்து, வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து, வராத பத்து சனிக்கிழமைகளுக்குத் திருப்தி என்று கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் வால் சுழித்தேன். அவன் மை காயட்டும் என்று வாயால் ஊதிக்கொண்டிருந்தான்.

என் மூத்த பையனுக்கு அப்போது நான்கு வயது. அவனை நான் எண்ணூருக்குக் கூட்டிப் போகவில்லை. என் அம்மாவின் வீடு கழிமுகத்தை ஒட்டி, பத்தடி நடந்தால் தண்ணீர். இவனோ ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை. நான் பிரசவ வலியில் கிடக்கும்போது இவன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் யார் பார்ப்பது? லைனிலேயே அப்பாவோடு இருக்கட்டும், பகலில் பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டுப் போனேன். தண்ணீருக்குப் பயந்துதான் விட்டுவிட்டுப் போனேன்.

நான் போன மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. குப்பை வண்டி லைன் பக்கமே வரவில்லை. வண்டி மாடுகளை இன்ஸ்பெக்டர் பெரிய மனிதர்கள் இருக்கும் தெருவுக்குத் திருப்பிவிட்டான். தொட்டி நிரம்பி வழிந்து சாக்கடையில் விழுந்தது, சாக்கடை அடைத்துக்கொண்டது, கக்கூஸ் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தது, எல்லாம் சேர்ந்து குழாய்ப் பள்ளத்தில் இறங்கியது. என் வீட்டுக்காரரும் இன்னும் நான்கு ஆம்பளைகளும் முனிசிபாலிடி ஆபீசுக்கு இரண்டு தடவை நடந்தார்கள். பார்க்கிறோம் என்றார்களாம். அந்தப் பள்ளத்தில் குடத்தை வைத்துத்தான் லைன் முழுக்கத் தண்ணீர் பிடித்தது. வேறு தண்ணீர் கிடையாது.

வாந்தி பேதியில் என் பையன் ஒன்றரை நாளில் போய்விட்டான். எதிர் வீட்டு மீன்காரியின் புருஷன் அதற்கு அடுத்த நாள் போனார். பையன் போன அன்றைக்கு எனக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். பால் வற்றிவிடும் என்று பயந்து என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் அம்மாவுக்குத் தெரியும், என் அண்ணனுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். நான் மட்டும் வெயிலில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, மூத்தவனுக்குத் தங்கச்சியைப் பார்த்தால் பொறாமை வருமா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு அவர்கள் சிரித்து பதில் சொன்னார்கள். அவர்களை இன்றுவரை நான் முழுசாக மன்னிக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு என் வீட்டுக்காரர் வந்தார். எங்களில் துக்கம் என்றால் சட்டைப் பையின் மேல் கறுப்புத் துணித் துண்டு ஒன்றைக் குத்திக்கொள்வது வழக்கம். அவர் அதை ரயிலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். ஆனால் சட்டைப் பையில் குண்டூசி குத்திய இரண்டு ஓட்டை இருந்தது. குழந்தையை அவர் கையில் கொடுக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டேன். யார் என்று கேட்டேன். அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். அப்போதே தெரிந்துகொண்டேன்.

லைனுக்குத் திரும்பி வந்தபோது சாக்கடை வாரி, சுண்ணாம்பு அடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுப் பளிச்சென்று இருந்தது. லைன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முனிசிபாலிடிக்கு ஒரு மனு கொடுத்திருந்தார்கள். இரண்டு உயிர் போனதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு. நான் வந்த பதினைந்தாம் நாள் பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். லைனில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தானே. சம்பந்தப்பட்ட பத்து வாரங்களிலும் சுகாதாரப் பணிகள் திருப்திகரமாக இருந்ததாகக் குடியிருப்போர் தரப்பில் வாராவாரம் கையொப்பம் இடப்பட்டுள்ளது. எனவே நோய்க்குக் காரணம் குடியிருப்போரின் அசுத்தமான பழக்கங்களே. விசாரணை முடிக்கப்படுகிறது. இவ்வளவுதான்.

மீன்காரி மட்டும் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை.

"நீதானக்கா கையெய்த்து போட்ட," என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. என் பிள்ளையை யார் கொன்றது என்று அன்றைக்குக் கணக்குப் பார்த்தேன். அவன் பாதி, நான் பாதி. என் பாதியை நான் சாகும்வரை சுமக்கலாம், அது என் பாடு. அவன் பாதியை அவன் தலையில் கட்டாமல் விடுவதில்லை என்று அந்தக் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்தேன்.

முதலில் எங்கள் வார்டு கவுன்சிலரிடம் போனேன். கெட்டவர் இல்லை, ரொம்ப நல்லவரும் இல்லை. நான் ஊரிலேயே இல்லை, எண்ணூரில் இருந்தேன், எல்லாம் முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து என்று சொன்னேன். ஞானஸ்நான நோட்டில் தேதி இருக்கிறது என்றேன். அவர் யோசித்துவிட்டு, எண்ணூரிலிருந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ரயிலில் வந்து போட்டாய் என்று அவன் சொன்னால் என்ன செய்வாய் என்றார்.

"கையெழுத்து உன்னுதாம்மா?"

"என்னுதுதான்."

"அப்ப நான் இன்னா பண்றது? அவன் வாயால அவனே ஒத்துக்கணும். அந்த நோட்டே அவனக் காட்டிக் குடுக்கணும். அப்படி எதனா இருந்தா சொல்லு, சேர்மனையே இட்டாறேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அவன் வாயால் அவனே. அடுத்த சனிக்கிழமை சைக்கிள் மணி கேட்டபோது நான் வாசலில் தயாராக இருந்தேன். லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நோட்டை வாங்கி, திருப்தி என்ற வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். வாலையும் சுழித்தேன். அவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ரோஷமே இல்லை, சூடு சொரணையே கிடையாது என்று லைனில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் சனிக்கிழமை தவறாமல் போட்டேன்.

அவனுக்கும் குளிர்விட்டுப்போயிற்று. மறுபடி வண்டி குறைந்தது, மறுபடி சாக்கடை மேடு தட்டியது. அந்தச் சமயத்தில்தான் நான் கர்ப்பமானேன். அதாவது, ஆனதாகச் சொன்னேன்.

முதலில் ஒரு துண்டை மடித்து இடுப்பில் கட்டினேன். அப்புறம் இரண்டு துண்டு. வயிறு பெரிதாகப் பெரிதாகத் துணியைத் தேடினேன். பெட்டியில் என் பையனின் சட்டைகள் இருந்தன. யாருக்கும் கொடுக்க மனசு வராமல் வைத்திருந்தவை. நான்கு சட்டை, மூன்று கால்சட்டை, கிறிஸ்துமஸுக்குத் தைத்து ஒரே ஒரு தடவை போட்ட கோட்டு. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, பழைய வேட்டியில் சுற்றி, வயிற்றில் வைத்துக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் மாதத்தில் நான்கு சட்டை. ஏழாம் மாதத்தில் கோட்டும் சேர்ந்துகொண்டது. அவனைச் சுமந்தபோது எப்படி நடந்தேனோ அப்படியே நடந்தேன். அதற்கு நடிக்கத் தேவைப்படவில்லை.

என் வீட்டுக்காரரிடம் மறைக்க முடியுமா? முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"வயித்துல பொய்ய சொமக்காதமே," என்றார். "மாதா பாத்துகினுதான் கீறாங்க."

பையன் செத்தபோதும் மாதா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். என் பாவத்துக்கும் சேர்த்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

இன்னொருத்திக்கும் தெரிந்தது. ஒரு நாள் நான் குழாயில் குடத்தைத் தூக்கும்போது மீன்காரி பக்கத்தில் வந்து நின்றாள். கர்ப்பவதி இப்படியா குடத்தை இடுப்பில் வைப்பாள் என்று நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள். மீனைக் கையில் எடுத்த உடனே சினை இருக்கிறதா இல்லையா என்று சொல்பவள் அவள். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லையென்று தெரிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"யாருக்குக்கா இந்தப் புள்ள?"

"கையெழுத்து வாங்கறவனுக்கு," என்றேன்.

அவள் என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினாள். அந்தப் பதில் வந்த நாளுக்கு அப்புறம் அவள் என் வீட்டுப் படியில் கால் வைத்தது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து எனக்குக் கால் வீக்கம், எனக்கு இடுப்பு வலி, இந்தத் தடவை ஆண்பிள்ளைதான் என்று லைன் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் அவள்தான். எட்டு வீட்டுக்கு மீன் கொடுப்பவள் சொன்னால் எண்பது வீட்டுக்குத் தெரிந்துவிடும். இன்ஸ்பெக்டருக்கும் அவள் வாயால்தான் போய்ச் சேர்ந்தது.

எட்டாம் மாதம் முடியப்போகிறது என்று சொல்லியிருந்த அந்தச் சனிக்கிழமை, சைக்கிள் மணிக்காக விடிந்ததிலிருந்தே வாசலில் நின்றேன். அவனாகக் கேட்கவேண்டும், நானாகச் சொன்னால் எல்லாம் வீண். அவன் நோட்டை நீட்டினான். நான் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை ரயிலில் எண்ணூருக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். போன தடவை சொறிந்த அதே இடம். அப்புறம் பக்கத்தைப் புரட்டினான்.

"போன தடவ மாதிரியே பத்தையும் போட்டுக் குடுத்துடுங்கம்மா," என்றான்.

வாசற்படியில் உட்கார்ந்தேன். வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து, என் பிள்ளையின் சட்டைகள் மேல் அவன் நோட்டை வைத்துக்கொண்டு, பத்து கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் வால் சுழித்ததே இல்லை. அவன் ஊதி ஊதி மையைக் காயவைத்தான்.

அன்றைக்கே கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். வரப்போகிற தேர்தலில் லைன் ஓட்டு அவருக்கு வேண்டியிருந்தது, சேர்மனை மட்டம் தட்டவும் வேண்டியிருந்தது. எதற்காகச் செய்தால் எனக்கென்ன? குடியிருப்புகளைப் பார்வையிட வருகிறோம் என்று சொல்லி வியாழக்கிழமையே சேர்மனையும் இன்னும் மூன்று கவுன்சிலர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாள் சாயந்திரம் செய்தி கிடைத்து, இன்ஸ்பெக்டர் பொழுது விடிவதற்குள் நான்கு வண்டி குப்பையை வாரி அடுத்த சந்தில் கொட்டிவிட்டான். சாக்கடை ஓரம் முழுக்க வெள்ளைப் பவுடர் கோடு. லைனில் வெள்ளைக் கோடு விழுந்தால் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று பூனைக்குக்கூடத் தெரியும். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் நடந்து வந்தார்கள். அவன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். என்னை வாசலில் பார்த்ததும், இன்னும் கிளம்பவில்லையா அம்மா என்று சிரித்தான். நாளைக்குத்தான் சார் என்றேன்.

எங்கள் வீட்டு வாசலில் நின்று, குடியிருப்போரே மேற்பார்வை பார்க்கிறார்கள், இந்த அம்மாதான் வாராவாரம் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று என்னைக் காட்டி அவனே பெருமையடித்தான். சேர்மன் எனக்குக் கும்பிடு போட்டார். கவுன்சிலர் என்னைப் பார்த்தார். 

"சார், அந்த நோட்டக் கொஞ்சம் பின்பக்கமாப் புரட்டிப் பாருங்க," என்றேன்.

சேர்மன் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். தேதியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். இன்னும் வராத சனிக்கிழமைக்கெல்லாம் திருப்தி என்று கையெழுத்து இருக்கிறதே, இது எப்படி என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் ஒன்றும் பதறவில்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்தவன்போல என் வயிற்றைக் கையால் காட்டினான்.

"இந்தம்மா பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போறாங்க சார். திரும்பிவர பத்து வாரம் ஆகும். அதான் முன்கூட்டியே வாங்கி வெச்சோம். போன பிரசவத்துக்கும் இப்படித்தான் சார் செஞ்சோம், வழக்கந்தான்."

இதைத்தான் நான் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தேன். கவுன்சிலர், போன பிரசவம் எப்போது அம்மா என்று என்னைக் கேட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பேதி வந்த மாசம் சார் என்றேன். அந்தப் பத்துக் கையெழுத்தும் அந்தப் பத்து வாரத்துக்குத்தான் சார், அதை வைத்துத்தான் எங்கள் பழக்கம் அசுத்தம் என்று எழுதினீர்கள் என்றேன். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அதை நான் நன்றாக, ஆசை தீரப் பார்த்தேன்.

அப்புறம் நான் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. திட்டத்திலும் இல்லை. முந்தானைக்குள் கைவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். மூட்டையை வெளியே எடுத்து, சேர்மன் கையில் விரிந்திருந்த நோட்டின் மேல் வைத்துப் பிரித்தேன். கிறிஸ்துமஸ் கோட்டு மேலாக இருந்தது.

"என் வயித்துல வேற ஒண்ணும் இல்ல சார்," என்றேன். "என் மூத்தவன் சட்டை."

வந்திருந்த கவுன்சிலர்களில் ஒருவர் திரும்பி நின்றுகொண்டார். மீன்காரி வந்து சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து என் கையில் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் உள்ளேதான் இருந்தார். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

இரண்டு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. அதையும் நான்தான் படித்தேன். பழைய முடிவு ரத்து. குடியிருப்போரின் பழக்கம் என்ற வரி நீக்கப்பட்டது. குழாய்ப் பள்ளத்தை மூடி, குழாயை உயரத்தில் வைத்தார்கள். சாக்கடைக்கு மேல் கல் பாவினார்கள். இதற்கெல்லாம் முதலிலேயே ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். இன்ஸ்பெக்டரை வேலையை விட்டு நீக்கவில்லை. எங்காவது நீக்குவார்களா? எண்ணூர் சாலையில் இருந்த குப்பைக் கிடங்கில் வரும் வண்டிகளை எழுதிக்கொள்கிற வேலைக்கு இறக்கிவிட்டார்கள்.

லைனில் எல்லோரும் அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். எனக்கு முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை என் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, குப்பைக் கிடங்குக்கு எதிரே இறங்கினேன். சாலையின் இந்தப் பக்கம் ஒரு பூவரசு மரம். அதன் கீழே நின்று அவனைப் பார்த்தேன். ஈக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு ஸ்டூல், கையில் நோட்டு. தொப்பி இல்லை. அவன் என்னைப் பார்த்தான். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். நான்காவது வாரம் அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஆறாவது வாரம் வண்டிக்காரர் ஒருவரை அனுப்பி, என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். எட்டாவது வாரம் மழை. குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர், போதும்மே, விட்டுடு என்றார். இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன்.

பத்தாவது சனிக்கிழமை அவனே சாலையைக் கடந்து வந்தான். இளைத்திருந்தான். சவரம் செய்துகொள்ளவில்லை. என்னை நேராகப் பார்க்காமல், இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்காங்கம்மா. இன்னும் எத்தன நாளுக்கு?"

உன் மூன்றும் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"நோட்டக் குடு," என்றேன்.

மரியாதை கொடுக்காமல் நான் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் கொடுத்தான், பென்சிலையும் கொடுத்தான். வண்டி எண்கள் எழுதியிருந்த பக்கத்தில், அன்றைய தேதிக்குக் கீழே, அந்த இங்கிலீஷ் வார்த்தையை என் கையால் எழுதினேன். திருப்தி. கீழே கையெழுத்துப் போட்டு, கோடு இழுத்து, வாலைச் சுழித்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நான் எங்கேயும் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டதில்லை. தமிழில்தான், வெறும் எழுத்துதான், கோடும் இல்லை வாலும் இல்லை.

எனக்கு அப்புறம் பிள்ளை பிறக்கவில்லை. வயிற்றில் பொய்யைச் சுமந்ததால்தான் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்தார், வாய்விட்டுச் சொன்னதில்லை. இருக்கட்டும். அதுதான் விலை என்று முன்னாலேயே சொல்லியிருந்தாலும் நான் அந்த மூட்டையைக் கட்டியிருப்பேன்.

இப்போது அந்த ஆள் செத்துவிட்டான். படுக்கையில், வயதாகி, மூன்று பிள்ளைகளும் சுற்றி நிற்கச் செத்தானாம். அவன் நோட்டில் நான் மொத்தம் எத்தனை தடவை திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று தெரியாது. ஆனால் கிடங்கில் கடைசியாகப் போட்டேனே, அதுவும் பொய்தான்.